ஒரு கையில் கோப்பை

மேசை கிடையாது என்றார்கள் தொலைபேசியில்.
கப்பல் காப்பீட்டுக் கம்பெனியின் ஆண்டு விழா,
நூற்றிருபது பேர், எல்லோரும் நின்றபடி.
உட்கார வைத்தால்
யார் யாருக்குப் பக்கத்தில் என்று சண்டை வருமாம்.

மருந்துக்கடையை அடைத்துவிட்டு வந்து
எல்லாவற்றையும் கட்டில்மேல் கொட்டுகிறேன்.
மூன்று செம்புக் கிண்ணங்கள். மேசை வேண்டும், போகட்டும்.
நான்கு ராணிகள் ஒருத்தியை ஒருத்தி தேடிப் போகும்
அந்த நீளமான சீட்டுக் கதை,
கண்ணாடி முன் ஏழு மாதம் பழகியது,
அதற்கும் மேசை.
நீட்டிய கைகளையே மேசையாக்கலாமென்று பார்த்தேன்.
ஒரு கையில் கோப்பை இருக்கும்,
இன்னொன்றில் ஆலிவ் குத்திய குச்சி.
அந்நியர் எனக்குத் தரக்கூடியது
அதிகம் போனால் அரைக் கை.

பட்டு நூல் வேண்டாம்.
த்ரியெஸ்தேயில் போரா காற்று அடிக்கிற நாளில்
யாராவது கதவைத் திறந்தால் போதும்,
என் ரகசியம் பறந்துபோய்
இயக்குநர் மீசையில் ஒட்டிக்கொள்ளும்.
போன பிப்ரவரியில் ஒட்டிக்கொண்டது.
மோதிரம் கடன் கேட்பதும் வேண்டாம்.
கழற்றும்போது முகம் மாறுகிறவர்களை
இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.
புறாவா, எனக்கும் அதற்கும் ஆகாது.

போதாததற்கு இந்த உடுப்பு.
இடது கோட்டுப் பையில் இதை வை, வலதில் அதை வை
என்றே சொல்கின்றன வித்தைப் புத்தகங்கள் எல்லாம்.
என் கறுப்பு கவுனுக்குத்
தையற்காரி லொரெதானா வைத்துக் கொடுத்தது
ஒரே ஒரு பை, இடுப்புத் தையலுக்குள்.
அதில் எது நுழைகிறதோ
அதுதான் இன்றைய நிகழ்ச்சி:
பத்துச் சீட்டு, அமுங்கும் பஞ்சுப் பந்து இரண்டு,
ரப்பர் வளையம்,
செல்லாத நூறு லிரா நாணயம் ஒன்று.

முதல் குழு சிரித்தது.
இரண்டாவது குழு என்னைப் பார்த்தபடியே
வட்டி விகிதம் பேசியது.
தூணோரம் தனியாக ஒருத்தி,
சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றவே இல்லை.
திராகிட்சா பெர்டோட், இழப்பீட்டுப் பிரிவு,
என்றது கழுத்து அட்டை.
கோப்பை இல்லை, குச்சி இல்லை,
இரண்டு கையும் சும்மா.
இப்படி வாய்க்குமா!

நாணயத்தை அவள் உள்ளங்கையில் வைத்து
விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன்.
சுண்டுவிரல் மடங்குமுன்பே
அது என்னிடம் திரும்பியிருந்தது.
அந்த ஒரு நொடிக்குப் பதினோரு வருடப் பழக்கம்.

இறுகப் பிடித்திருக்கிறீர்களா?
ம்.
சரி, திறங்கள்.

அவள் திறக்கவில்லை.
"இருக்கிறது, கனக்கிறது" என்றாள்.
"மூழ்கிப்போனவற்றுக்குத்தான் நாள் முழுக்க விலை போடுகிறேன்.
இதையாவது பார்க்காமல் வைத்துக்கொள்கிறேனே."
நன்றி சொல்லி
மூடிய கையோடு வாசலுக்கு நடந்தாள்.

எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பக்கம் இல்லை.
கூப்பிட்டால் கை காலி என்று தெரிந்துவிடும்.
கூப்பிடாவிட்டால்
காலிக் கையைப் பொத்திக்கொண்டே வீடு போவாள்.
கையும் களவுமாகப் பிடிபடுவார்கள் என்பார்கள்.
கையில் களவு இருந்தது,
பிடிக்கத்தான் யாரும் இல்லை.

சன்னல் வழியே பார்த்தேன்.
பேருந்து நிறுத்தத்தில் காற்று அவளைக் கம்பத்தோடு சாய்த்தது.
தொப்பி உருண்டது, இடது கையால் துரத்திப் பிடித்தாள்.
இடது கையாலேயே, தடுமாறி,
பையில் பயணச்சீட்டைத் துழாவினாள்.
வலது கை மட்டும் கோட்டுக்குள்
அசையாமல்.
பேருந்து வந்தது. ஏறும்போதும்
கம்பியை அந்தக் கையால் பிடிக்கவில்லை.

மூன்றாவது குழுவிலிருந்து ஒருவர்
கோப்பையை உயர்த்திக் கூப்பிட்டார்:
காசு வித்தை ஏதாவது தெரியுமா?

இடுப்புப் பைக்குள் நூறு லிரா
இன்னும் சூடாக இருந்தது.
தெரியாது என்று சொல்லி
ரப்பர் வளையத்தை எடுத்தேன்.